தொப்புளில் தொடங்கியது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் முகத்தில் ஒன்றுமே வரவில்லை. என்னைக் காணுகிற பெண்கள் எல்லாரும் முதலில் என் கன்னத்தைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். நெல்லியடிச் சந்தைக்குப் பக்கத்தில் பதினொரு வருடமாகப் பார்லர் வைத்திருக்கிறவள் நான். மணப்பெண் அலங்காரம்தான் பிழைப்பு. அப்படிப்பட்டவள் உடம்பெல்லாம் கொப்புளம் போட்டு ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? "அக்கா, உங்கடை கிறீம் உங்களுக்கே ஒத்துக்கொள்ளேல்லையோ?" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். அவளுக்குப் புருவத்தைக் கொஞ்சம் நோகத்தான் எடுத்துவிட்டேன். வயிற்றில் பிள்ளையோடு வருகிறவர்கள் அப்படிக் கேட்பதில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டு, நான் ஏதாவது சொல்வேனா என்று நிற்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.

கலியாணம் முடித்து ஏழாம் வருடம் உண்டான பிள்ளை. அதற்கு முன் எத்தனை கோயில், எத்தனை டொக்டர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எட்டாம் மாதத்தில் ஒரு காலை குளித்துவிட்டு வந்தபோது தொப்புளைச் சுற்றிக் கடித்தது. எங்கள் பக்கத்தில் கடி என்றால் அரிப்பு. வயிறு பெருக்கத் தோல் இழுபடும், கடிக்கும், எல்லாருக்கும் உள்ளதுதானே என்று தேங்காயெண்ணெய் பூசினேன். தோலைப் பற்றி எனக்குச் சொல்லித்தர இன்னொருத்தி பிறந்துதான் வரவேண்டும் என்ற திமிர் அப்போது எனக்கு நிறைய இருந்தது.

இரண்டாம் நாள் தொப்புளைச் சுற்றிச் சிவந்து தடித்தது. நான்காம் நாள் அந்தத் தடிப்பின்மேல் நீர்க்கொப்புளங்கள் எழும்பின. தெளிந்த நீர், தொட்டால் இறுக்கம், சட்டென்று உடையாது. வயிற்றிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து கைக்கு என்று பரவி உள்ளங்கைக்கும் வந்துவிட்டது. நுளம்புக்கடிபோல அல்ல, தோலுக்கு அடியில் யாரோ அடுப்பை மூட்டிவிட்டதுபோல ஒரு கடி. சீப்பால் சொறிந்தேன், கதவு நிலையில் முதுகை உரசினேன். ஒன்றுக்கும் அடங்கவில்லை.

ஐந்தாம் நாள் மாமி, அதாவது என் கணவர் தயாளனின் தாயார், என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, இதை எத்தினை நாளாய் ஒளிச்சு வச்சிருக்கிறாய்?"

"ஒளிக்கேல்லை மாமி. வெக்கைக் கொப்புளமாக்கும்."

"வெக்கையோ? அம்மாள் எல்லோ வந்திருக்கிறா!" என்று இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார்.

கொப்பளிப்பான், அதாவது சின்னம்மை, வந்தால் எங்கள் ஊரில் அதை நோய், வருத்தம் என்று சொல்வதில்லை. அம்மாள் அந்த உடம்பில் வந்து இருக்கிறா என்பார்கள். வீட்டு வாசலில் வேப்பங்கொத்துக் கட்டுவார்கள். மீன், இறைச்சி கிடையாது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. தாளிக்கிற வாசனை அம்மாளுக்கு ஆகாது. வெளியார் உள்ளே வரமாட்டார்கள், அம்மாள் வந்தவர் வெளியே போகமாட்டார். எல்லாம் வாடி, தலைக்குத் தண்ணீர் வார்த்த பிறகுதான் வேப்பங்கொத்தை அவிழ்க்கலாம். அதுவரைக்கும் இங்கிலீசு மருந்து மட்டும் கூடவே கூடாது.

மாமி ஒரு மணித்தியாலத்துக்குள் வாசல் கேற்றில் வேப்பிலை கட்டிவிட்டார். பார்லர் பூட்டப்பட்டது. என்னை வேப்பிலை பரப்பிய பாயில் படுக்கவைத்து இன்னொரு கொத்தால் தடவினார். சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தடவல் சுகமாகத்தான் இருந்தது. தயாளன் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். கரண்டுக்குப் பயமில்லாத மனிதர், தாயாருக்குப் பயம். "அம்மா சொல்லுறதையும் கேப்பம், டொக்டரையும் கேப்பம்" என்று இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

மூன்று நாள் கழித்து கேற்றடியில் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. எங்கள் பகுதிக் குடும்பநல மாது. எல்லாரும் மிட்வைஃப் அக்கா என்போம். கிளினிக் நாளுக்கு நான் போகாததால் தேடி வந்திருக்கிறார்.

"உள்ளுக்கு வராதையுங்கோ தங்கச்சி. பிள்ளைக்கு அம்மாள்" என்றார் மாமி.

மிட்வைஃப் அக்கா வேப்பிலையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். "அம்மாள் என்னைக் கோவிக்க மாட்டா அம்மா. அவ பாக்கிற வேலையைத்தானே நானும் பாக்கிறன்."

என் வயிற்றுச் சட்டையை விலக்கிக் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்:

"இது எங்கையிருந்து தொடங்கினது?"

"தொப்புளிலை அக்கா."

"முதன்முதல் தொப்புளைச் சுத்தியோ? வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"ஓம்."

"காய்ச்சல் காய்ஞ்சதோ?"

"இல்லை."

"முகத்திலை?"

நான் முகத்தைத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மற்றவர் முகம் பார்த்துப் பிழைக்கிற நான், என் முகத்தில் ஒரு கொப்புளமும் இல்லையே என்று ஒருதரம்கூட யோசிக்கவில்லை.

"குறை நினையாதையுங்கோ அம்மா. கொப்பளிப்பான் தொப்புளைத் தேடிப் பிடிச்சு வாறேல்லை. இது வேறை ஏதோ. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்."

மாமியின் முகம் இறுகிப்போனது. "என்ரை மூத்தவனுக்கும் இப்பிடித்தான் சொன்னவை. இடம்பெயர்ந்து இருக்கேக்கை உடம்பெல்லாம் போட்டுது. கொண்டுபோய் ஊசி போடுவிச்சம். விடியப் பிள்ளை இல்லை."

தயாளனுக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். எப்படிப் போனான் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். மிட்வைஃப் அக்கா மாமியின் கையைப் பிடித்தார். மாமி மெல்லக் கையை எடுத்துக்கொண்டார்.

"கொண்டு போறதெண்டால் கொண்டு போங்கோ. நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆஸ்பத்திரியிலும் முதல் நாள் கோமாளித்தனம்தான். என்ன வருத்தம் என்று கேட்டதற்குத் தயாளன் பழக்கதோஷத்தில் "அம்மாள்" என்று சொல்லிவிட்டார். வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்குத் தொற்றிவிடுமே என்று என்னை வாட்டின் ஓரத்தில் ஒரு தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். பின்னேரம் தோல் டொக்டர் வந்தார். மெலிந்த பெண், மூக்குக் கண்ணாடி எந்த நேரமும் நெற்றியில் இருக்கும். அவரும் அதே கேள்வியைத்தான் முதலில் கேட்டார்: எங்கிருந்து தொடங்கியது? தொப்புள் என்றதும் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். ஒரு கொப்புளத்தை விரலால் மெல்ல அமத்திப் பார்த்தார்.

"இது தொத்தாது. இவவை வாட்டுக்கு மாத்துங்கோ" என்று பக்கத்தில் நின்ற தாதியிடம், எங்கள் பேச்சில் மிஸியிடம், சொன்னார். பிறகு என் கட்டிலில் உட்கார்ந்து வருத்தத்தின் பெயரைச் சொன்னார். பெம்ஃபிகொயிட் ஜெஸ்ரேஷனிஸ். அந்தப் பெயரைச் சொல்லி முடிக்க முதலே பிள்ளை பிறந்துவிடும். மிக அரிதாக, பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வருவதாம்.

"நீங்கள் என்ன வேலை?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப உங்களுக்குச் சொல்லுறது லேசு. தோல் ஒரு துண்டில்லை, மேலையொண்டு கீழையொண்டு. ரெண்டையும் ஒட்டி வச்சிருக்கிற பசை மாதிரி ஒரு புரதம் இருக்கு. அதே புரதம் பிள்ளையின்ரை நச்சுக்கொடியிலையும் இருக்கு. ஆனா பிள்ளை பாதி உங்கடை, பாதி தகப்பன்ரை. கொடியிலை இருக்கிற தகப்பன்ரை பங்கை உங்கடை உடம்பு பாத்திட்டுது. ஆரோ பிறத்தி ஆள் வந்திட்டான் எண்டு காவலுக்கு ஆள் அனுப்பிட்டுது. போன காவல்காரர் அதே சாடையிலை இருக்கிற உங்கடை தோல் பசையையும் விடேல்லை. பசை விட்ட இடத்திலை தண்ணி சேருது. அதுதான் கொப்புளம்."

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். பதினொரு வருடம் எத்தனை நூறு முகத்தில் கை வைத்திருப்பேன்! தோல் இரண்டாக ஒட்டியிருக்கிறது என்றோ, நடுவில் பசை இருக்கிறது என்றோ ஒருநாளும் நினைத்ததில்லை. நான் ஒரு பக்கம் சோறு தின்று, சீலை மடித்து, சண்டை பிடித்துக்கொண்டிருக்க, எனக்கே தெரியாமல் என் உடம்பு உள்ளே ஆள் பார்த்து, அடையாளம் பிடித்து, போருக்கே போயிருக்கிறதே! பயத்தை மீறி எனக்கு ஒரு மலைப்பு வந்தது. அம்மாள் வந்திருக்கிறா என்று மாமி கைகூப்பியபோது வராத மெய்சிலிர்ப்பு அப்போது வந்தது.

"பிள்ளைக்கு?" என்று கேட்டேன். எனக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டும்.

"கொஞ்சம் சின்னனாய் இருக்கலாம். நாளுக்கு முந்தியும் பிறக்கலாம். அதுதான் இதை அடக்கவேணும். குளிசை தாறன். ஸ்டீரொயிட்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் என் மலைப்பெல்லாம் வடிந்துவிட்டது. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

மறுநாள் என் வயிற்றில் ஊசியால் விறைக்கப்பண்ணி, பயறளவு தோல் துண்டு இரண்டு எடுத்தார்கள். ஒன்றை இங்கேயே நுணுக்குக்காட்டியில் பார்க்கவும், மற்றதைக் கொழும்புக்கு அனுப்பவும். அங்கே ஒளிரும் சாயம் போட்டுப் பார்த்தால் காவல்காரர் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடுமாம். முடிவு வர நாளெடுக்கும், அதுவரைக்கும் மருந்தைத் தள்ளிப்போட முடியாது என்றார் டொக்டர்.

வாட்டில் என் பக்கத்துக் கட்டிலில் பிலோ அக்கா. குருநகர், கடற்தொழில் குடும்பம், மூன்றாவது பிள்ளை. அவவுக்கும் கடிதான். ஆனால் உடம்பில் ஒரு பொட்டுக்கூட இல்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் விடாமல் கடிக்கும். ஈரலில் இருந்து பித்தம் சரியாக இறங்காமல் ரத்தத்தில் கலந்தால் அப்படி வருமாம். ரத்தத்தைச் சோதித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதுவும் பிள்ளைக்கு ஆபத்து என்பதால் நாளுக்கு இரண்டு தரம் பிள்ளையின் இதயத்துடிப்பு பார்ப்பார்கள்.

"நீ குடுத்து வச்சவளடி. உனக்கெண்டாலும் காட்டுறதுக்கு ஒண்டு இருக்கு. நான் ரெண்டு கிழமையாச் சொறியிறன், மனிசன் என்னைப் பாத்து விசராக்கும் எண்டு நினைச்சுப்போட்டுது" என்பார் பிலோ அக்கா. இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து சொறிவோம். சிரிப்பு வந்துவிடும். அவ உள்ளங்காலைக் கட்டில் கம்பியில் உரசுகிற சத்தத்தை வைத்தே மிஸிமார் நேரம் சொல்லலாம்.

காலையில் மிஸி எட்டுச் சின்ன வெள்ளைக் குளிசை என் கையில் கொட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். நான் தண்ணீரைக் குடிப்பேன். குளிசை என் முகப்பவுடர் டின்னுக்குள் போகும். டின் வெறுமையாகத்தான் இருந்தது. அடியில் கொஞ்சம் பவுடர் ஒட்டியிருந்தது.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லாவிட்டால் இதை எழுதி ஒரு பிரயோசனமும் இல்லை. பார்லர் தொடங்கிய முதல் வருடம், பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு வெள்ளையாக்கும் கிறீமை நான் விற்றிருக்கிறேன். கொண்டுவந்து தந்தவன் மூலிகை என்றான். கரவெட்டியிலிருந்து வந்த ஒரு பிள்ளை கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்க வாங்கிப் பூசினாள். முதலில் முகம் மெழுகுபோல மினுங்கியது. பிறகு தோல் மெல்லிசாகி, சிவந்து, நரம்பு தெரிந்து, கன்னத்தில் மயிர் முளைத்தது. அதற்குள் ஸ்டீரொயிட் கலந்திருக்கிறது என்று வேறு டொக்டர் சொன்னதாக அவளுடைய தாய் என் கடை வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தச் சொல்லே எனக்கு ஆகாது. பூசிய முகத்துக்கே அந்தக் கதி என்றால், விழுங்கினால் வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்கு என்ன ஆகும்? செய்த பாவம் சுற்றிவந்து என் பிள்ளையில் விடியப்போகிறது என்றே நினைத்தேன். மாமி அம்மாளுக்குப் பயந்து மருந்தை மறித்தார் என்று மனதுக்குள் சிரித்தவள், வேறொரு பயத்தில் அதே வேலையைச் செய்தேன்.

மாமி மேல் கோபமும் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. தயாளன் டவுனில் வேலைக்கு வரும்போது மத்தியானச் சாப்பாட்டுக் கரியரைக் கொண்டுவருவார். அதைத் திறந்தால் அவித்த பருப்பு, அவித்த பூசணி, பாலும் உப்பும் மட்டும் போட்ட வெள்ளைக் கறி. ஒரு வெங்காயம் வதங்கிய வாசனைகூட இராது.

"உன்ரை மாமிக்குக் கடுகு எண்டால் என்னெண்டு தெரியாதோ?" என்று பிலோ அக்கா கேட்பார்.

"தெரியும். எனக்குத் தரத்தான் மனமில்லை" என்பேன். பிலோ அக்காவின் வீட்டிலிருந்து வருகிற இறால் குழம்பில்தான் நான் சோறு தின்றேன்.

ஆறாம் நாள் மத்தியானம் பிலோ அக்காவின் மனிசன் பார்க்க வரும் நேரம். முகம் எண்ணெய் வடிகிறது, கொஞ்சம் பவுடர் தா என்று கேட்டவர், நான் பதில் சொல்ல முதலே என் மேசையிலிருந்த டின்னைத் திறந்துவிட்டார்.

"மாதாவே! எடியே, பவுடர் டின்னுக்குள்ளை மருந்துக்கடையோ வச்சிருக்கிறாய்?"

"மெதுவாக் கதையுங்கோ அக்கா."

"கதைக்கமாட்டன். ஆனா நாளைக்கு டொக்டர் வரேக்கை நீ சொல்லவேணும். நீ சொல்லாட்டில் நான் சொல்லுவன். பிறகு என்னோடை கோவிச்சுக்கொண்டு இரு, எனக்குப் பறவாயில்லை."

அன்று பின்னேரம் ஸ்கான் எடுத்தார்கள். மறுநாள் தோல் டொக்டரும் பிள்ளைப்பேற்று டொக்டரும் சேர்ந்தே என் கட்டிலடிக்கு வந்தார்கள். உடம்பில் புதிய கொப்புளம் வந்துகொண்டே இருந்தது. பிள்ளை இருக்கவேண்டிய நிறை இல்லை.

"இவ்வளவு குளிசைக்கும் கேக்கேல்லையெண்டால் இன்னும் கூட்டத்தான் வேணும்" என்றார் தோல் டொக்டர்.

"பிள்ளையும் வளரேல்லையெண்டால் நாங்கள் பாத்துக்கொண்டிருக்கேலாது" என்றார் மற்றவர். "சுவாசப்பைக்கு ஊசி போட்டிட்டு நேரத்தோடை எடுக்கவேண்டி வரலாம்."

மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து, பழுக்காத பிள்ளையை வெளியில் எடுக்கப் பார்க்கிறார்கள். மருந்து டின்னுக்குள் கிடக்கிறது. பிலோ அக்கா கட்டில் கம்பியில் கால் உரசுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"டொக்டர், குளிசையிலை பிழையில்லை. நான் குடிக்கேல்லை."

டின்னை நீட்டினேன். தோல் டொக்டர் அதைப் படுக்கை விரிப்பில் கவிழ்த்தார். பவுடர் அப்பிய குளிசைகள். திட்டப்போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ஒரு குளிசையை எடுத்து ஊதிப் பவுடரைத் தட்டிவிட்டு, "ஏன்?" என்று மட்டும் கேட்டார். கரவெட்டிப் பிள்ளையின் முகத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை அடக்க முடியவில்லை.

"நீங்கள் பயந்தது பொய்ப்பயம் இல்லை" என்றார். "அந்தக் கிறீமிலை எவ்வளவு இருந்தது, எத்தினை நாள் பூசலாம், ஒருத்தருக்கும் தெரியாது. இது அளந்து தாறது. நாளுக்கு நாள் பாத்துக் குறைக்கிறது. உங்கடை சீனியும் பிரசரும் பாப்பம், அதுகள் கூடலாம், முகமும் ஊதும். பிள்ளைக்கெண்டு கேட்டால் ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ. இந்தக் குளிசை ரத்தத்தோடை நச்சுக்கொடிக்குப் போகும். கொடி அதிலை கனக்கத்தை அங்கையே முறிச்சுப்போடும். பிள்ளைக்குப் போறது கொஞ்சம்தான்."

"எந்தக் கொடி டொக்டர்? இந்தச் சண்டையைத் தொடக்கின கொடியோ?"

"ஓம். அதே கொடிதான்."

கையை வயிற்றில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். என் உடம்பு எதைப் பகை என்று அடிக்கப் போனதோ, அதுவே வாசலில் நின்று என் பிள்ளைக்குக் காவல் பார்க்கிறது. அடி வாங்கிக்கொண்டும் பார்க்கிறது. இதையெல்லாம் யார் இருந்து யோசித்துச் செய்தார்கள்? நான் எந்தக் கோயிலிலும் அப்படிக் கும்பிட்டதில்லை.

மிஸி புதிதாக எட்டுக் குளிசை கொண்டுவந்தார். அன்றிலிருந்து நான் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும் என்று உத்தரவு. வாட்டு முழுக்கப் பார்க்கக் காட்டினேன். வேறு வழி?

நான்காம் நாள் கடி தணிந்தது. முதன்முதலாக ஒரு முழு மத்தியானம் தூங்கி எழும்பினேன். ஒரு கிழமையில் புதுக் கொப்புளம் வருவது நின்றது. பழையவை வற்றி, காய்ந்து, பொருக்காக உதிர்ந்தன. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். வடு இல்லை, நிறம் மட்டும் கொஞ்சம் கருத்து இருந்தது, அதுவும் போகும் என்றார்கள். ஒரு தழும்பை மறைக்க நான் எத்தனை பூச்சுப் பூசுவேன், எவ்வளவு நேரம் மினைக்கெடுவேன்! என் தோல் ஒருத்தரையும் கேட்காமல், கண்ணாடியும் பார்க்காமல், தன்னைத் தானே நெய்துகொண்டு வந்தது. முகம் மட்டும் குளிசைக்கு ஊதிப் பூசணிபோல ஆனது. "இப்பதான் உன்ரை முகத்திலை ஏதோ வந்திருக்கு" என்று பிலோ அக்கா கேலி பண்ணினார்.

கொழும்பிலிருந்து சோதனை முடிவும் வந்தது. டொக்டர் தன் போனில் படத்தைக் காட்டினார். கன்னங்கரிய இருட்டு, நடுவில் பச்சையாக ஒரு கோடு ஒளிர்ந்தது, வளைந்து வளைந்து, எங்கும் அறாமல். அந்தக் கோடுதான் என் இரண்டு தோலும் ஒட்டுகிற இடம். அந்தப் பச்சைதான் காவல்காரர். எனக்குள் இருந்த கோபம் இவ்வளவு வடிவாக இருக்குமென்று யார் கண்டது? அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். இன்றைக்கும் இருக்கிறது.

பிள்ளை அசையும்போதெல்லாம் ஓர் அட்டையில் கோடு போடச் சொல்லியிருந்தார்கள். பிலோ அக்காவுக்கும் அட்டை உண்டு. இரண்டு பேரும் போட்டிக்குக் கோடு போட்டோம். ஒருநாள் அவவைக் கூட்டிப்போனார்கள். மறுநாள் வாட்டு வாசலில் நின்று ஓர் ஆண்பிள்ளையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். "கை கடிக்கிறது நிண்டிட்டுதடி!" என்று அங்கிருந்தே கத்தினார்.

எனக்கு நாளுக்கு மூன்று கிழமை முந்தியே நோ கண்டது. பெண்பிள்ளை. சின்னவள்தான், ஆனால் அழுத அழுகை ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். பெற்ற கையோடு என் வயிற்றில் மறுபடியும் கொப்புளம் கிளம்பியது. அப்படி நடக்கும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நான் கலங்கவில்லை. ஆனால் இரண்டாம் நாள் பிள்ளையின் காலைத் துடைத்த மிஸி கையை நிறுத்தினார். தொடையில் மூன்று, பாதத்தில் இரண்டு. அரிசியளவு கொப்புளங்கள்.

தோல் டொக்டர் வந்து பார்த்துச் சிரித்தார். "உங்கடை ரத்தத்திலை இருந்த காவல்காரர் கொஞ்சப் பேர் கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போயிருக்கினம். பிள்ளையின்ரை உடம்பு செய்ததில்லை, நீங்கள் குடுத்து விட்டது. அதுகள் கரையக் கரைய இதுவும் போயிடும். மருந்தும் தேவையில்லை."

டொக்டரின் சொல்லை நான் நம்பினேன். ஆனால் வீட்டுக்குப் போகிற ஓட்டோவில் எனக்கு ஒரே யோசனை: மாமி இதைப் பார்த்தால் என்ன சொல்லுவார்?

ஓட்டோ கேற்றடியில் நின்றது. நான் ஆஸ்பத்திரிக்குப் போக முன்னம் மாமி கட்டிய வேப்பங்கொத்து அப்படியே தொங்கியது. இலையெல்லாம் மண்ணிறமாகி, பாதி உதிர்ந்து, ஈர்க்கு மட்டும் தெரிந்தது.

"இதை ஏன் இன்னும் அவிழ்க்கேல்லை?" என்று தயாளனைக் கேட்டேன்.

அவர் நிலத்தைப் பார்த்தார். "அம்மா விடேல்லை. உமக்குத் தண்ணி வார்க்காமல் அவிழ்க்கக்கூடாதாம். நீர் போன நாளிலையிருந்து அவ ஒரு நேரச் சாப்பாடு. படுக்கை வெறும் நிலத்திலை. வீட்டிலை எண்ணெய்ச் சட்டி வைக்கேல்லை. உமக்குச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கிப்போட்டா. நான் கடையிலை பொரிச்ச ரோல்ஸ் திண்டது மாத்திரம் அவவுக்குத் தெரியாது."

தாளிக்காத கறிகள் எல்லாம் ஒவ்வொன்றாக என் கண்முன்னே வந்தன.

"பிறகேன் ஒருநாளும் பாக்க வரேல்லை?"

"அம்மாள் வீட்டிலையிருந்து பிள்ளைத்தாச்சியள் இருக்கிற இடத்துக்குப் போகக்கூடாதாம். மற்றப் பிள்ளையளுக்கு ஏதும் ஆகிட்டா? என்னையும் கரியரை வாட்டு வாசலிலை குடுத்திட்டு நிக்காமல் வரச் சொன்னவ. அது அம்மாள் இல்லையாம் எண்டு நானும் எத்தினை தரம் சொல்லிப் பாத்தன். மருந்தை நீங்கள் பாருங்கோ, மற்றதை நான் பாக்கிறன் எண்டிட்டா."

மாமி உள்ளேயிருந்து வந்தார். பாதியாகியிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கையில் வாங்கி, துணியை விலக்கினார். தொடையில் காய்ந்துகொண்டிருந்த அடையாளங்கள் தெரிந்தன.

"இது எங்கையிருந்து தொடங்கினது?" என்று கேட்டார்.

"என்னட்டையிருந்து மாமி" என்றேன். "என்ரை ரத்தத்திலையிருந்து போனது. தன்பாட்டிலை மாறிடுமாம்."

மாமி அந்தக் குட்டிக் காலைத் திரும்பத் துணியால் சுற்றினார். பிறகு, "தண்ணி வார்க்கலாமோ எண்டு டொக்டரைக் கேட்டனியே?" என்றார்.

மூத்த பிள்ளைக்கு ஊசி போட்ட கையை உள்ளுக்குள்ளேயே வாழ்நாள் முழுக்கச் சபித்த மனுசி. டொக்டரைக் கேட்டாயா என்று கேட்கிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கேட்டனான் மாமி. வெறும் இளஞ்சூட்டுத் தண்ணியாம். மஞ்சளும் வேப்பிலையும் தோலிலை படக்கூடாதாம்."

மாமி கொஞ்சம் யோசித்தார். பிள்ளை பெற்ற துடக்கோடு அம்மாளுக்குத் தண்ணீர் வார்ப்பதா என்று வேறு குழப்பம். "அவவும் பெத்தவதானே" என்று தானே அதைத் தீர்த்துவைத்தார். வேப்பிலையை வாளிக்குள் போடாமல் வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்குத் தலைக்கு வார்த்தார். உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்திப் பிள்ளையின் பாதத்தில் விட்டார். பிறகு கேற்றடிக்குப் போய் அந்தக் காய்ந்த கொத்தைத் தன் கையாலேயே அவிழ்த்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

சட்டி அடுப்பில் ஏறுகிற சத்தம் கேட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் கடுகு வெடித்தது. என் மடியில் கிடந்த பிள்ளை அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு, இரண்டு கையையும் விரித்துவிட்டு, மறுபடியும் தூங்கிப்போனாள்.